அவிழுங்கள் பார்க்கலாம்: இரத்தோட்டையில் ஒரு மழைப் பொழுது



சென்ற மாதம் கேட்ட விடுகதை ஞாபகம் இருக்கிறதா? ‘இடுப்பில் கயிறு சுற்றி எறிந்தால் ஒற்றைக் காலில் ஆடுவான், ஆடிக் களைத்தால் படுத்துவிடுவான். யார்?’ பம்பரம் என்று சரியாக எழுதியவர்கள் பலர். ‘எங்கள் வீட்டுக்காரர்’ என்று எழுதிய சகோதரி ஒருவரும் உண்டு. விடை பிழைதான். ஆனாலும் அந்த அஞ்சலட்டையைக் காரியாலயத்தில் ஆளுக்கு ஆள் வாங்கிப் படித்தோம்.

அட்டைகளை வாசித்து முடித்த கையோடு நான் போன ஊரிலும் ஒரு பம்பரம் இருந்தது. மாத்தளைக்குக் கிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிற இரத்தோட்டையைத்தான் சொல்கிறேன். அதன் பக்கத்தில் பம்பரகிரி எல்ல என்றொரு நீர்வீழ்ச்சி. பெயரைக் கேட்ட தமிழ்ப் பிள்ளைகள் ‘அங்கே பம்பரம் சுத்தலாமா?’ என்று கேட்பார்களாம். சிங்களத்தில் பம்பர என்றால் பெரிய மலைத்தேனீ. அது கொட்டினால் நாங்கள்தான் பம்பரம் போலச் சுற்ற வேண்டும்!

ஊரின் பெயரைப் பார்த்து முகம் சுளிப்பவர்களும் உண்டு. “பேரிலேயே இரத்தமோ?” என்று வன்னி அக்கா ஒருவர் என்னிடம் கேட்டார். நாங்கள் கண்டது போதாதா என்பது அவருடைய நியாயம். ஆனால் இங்கே இரத்தம் ஒன்றும் இல்லை. சிங்களத்தில் அது ரத்தோட்ட. தமிழ்ச் சொல் ‘ர’வில் தொடங்கக் கூடாது என்பது நமது இலக்கணம். அதனால் ராமனுக்கு முன்னால் ஓர் ‘இ’ போட்டு இராமன் என்கிறோம். ரங்கனுக்கு ‘அ’ போட்டு அரங்கன். ரோமத்துக்கு ‘உ’ போட்டு உரோமம். ரத்தோட்டவும் அந்த வழியில் இரத்தோட்டை ஆயிற்று. ரொட்டிக்கு மட்டும் யாரும் எதுவும் போடவில்லை. சுடச்சுடக் கையில் இருக்கும்போது இலக்கணம் பார்க்க யாருக்கு நேரம்?

சரி, கதைக்கு வருவோம். அங்குள்ள சகோதரிகளின் சேமிப்புக் குழுக் கூட்டத்துக்குத்தான் போயிருந்தேன். கணக்குப் பார்த்து முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பாயில் காய்ந்துகொண்டிருந்த மிளகை எல்லோருமாக ஓடி ஓடி உள்ளே அள்ளினோம். கரண்டும் போய்விட்டது. பஸ்ஸுக்குப் போக முடியாது. சும்மா இருக்கவும் முடியாது. அப்போதுதான் மூலையில் இருந்த பாட்டி, மடியில் கிடந்த மிளகைக் கையால் அளைந்தபடி ஆரம்பித்தார்.

“பச்சைச் சட்டையோட கொடியில ஆடுனா. வெயில்ல கெடந்து கறுத்துச் சுருங்குனா. சுருங்குன பொறவுதான் அவளுக்கு வெல. யாரு?”

“நீங்கதான் பாட்டி!” என்றாள் பத்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தி. வீடே சிரித்தது. பாட்டியும் சிரித்தார். “என்னைய யாருடி வெலைக்கு வாங்கப் போறா?” என்று ஒரு பிடி மிளகை எடுத்துக் காட்டினார்.

நான் சும்மா இருப்பேனா? மிளகைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எடுத்துவிட்டேன். 408ஆம் ஆண்டில் ரோம் நகரை முற்றுகையிட்ட அலாரிக் என்ற தலைவன், முற்றுகையை விடுவதற்குப் பொன்னும் வெள்ளியும் மட்டும் கேட்கவில்லை. 3000 இறாத்தல் மிளகும் சேர்த்துக் கேட்டான். அதற்கும் வெகு காலத்துக்கு முன்பு, கி.மு. 1213இல் இறந்த எகிப்து அரசன் இரண்டாம் ராம்சேஸின் பாடம் செய்த உடலில், மூக்குத் துவாரத்துக்குள் மிளகு மணிகள் இருந்தன. இதைச் சொன்னதும் பாட்டி கேட்டார்: “ஏம்மா, தும்மி எந்திரிச்சிருவாருன்னு வச்சாங்களோ?”

அதற்குப் பிறகு என் பொது அறிவு எடுபடவில்லை. ஆளுக்கொரு விடுகதை அவிழ்ந்தது. இரத்தோட்டைப் பக்கம் வீட்டைச் சுற்றி நிற்பதெல்லாம் மிளகும் கராம்பும் ஏலமும் சாதிக்காயும்தானே, விடுகதையும் அவற்றைச் சுற்றியே வந்தது.

“மஞ்ச வீட்டுக்குள்ள சிவப்புச் சேலைக்காரி. சேலைக்கு ஒரு வெல, ஆளுக்கு ஒரு வெல.” இது சாதிக்காய். வெளியே மஞ்சள் பழம், உள்ளே கொட்டை, கொட்டையைச் சுற்றிச் சிவப்பு வலை போல வசவாசி. எடைக்கு எடை பார்த்தால் சேலைக்காரியைவிடச் சேலைக்குத்தான் விலை அதிகம். கலியாண வீடுகளிலும் அப்படித்தான் என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

சாதிக்காயை லேசாக நினைக்க வேண்டாம். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இதற்காகக் கடலில் அடிபட்டிருக்கிறார்கள். 1667இல் பிரேடா என்ற இடத்தில் சமாதானம் ஆனபோது, சாதிக்காய் விளையும் றண் என்ற சின்னஞ்சிறு தீவு ஒல்லாந்தர் கையில் நின்றது. அமெரிக்காவில் இருந்த மன்ஹாட்டன் ஆங்கிலேயர் கையில் நின்றது. அந்த மன்ஹாட்டன்தான் இன்றைக்கு நியூயோர்க் நகரத்தின் நடுப்பகுதி. “அப்படின்னா எங்க வீட்டு மரத்துக்கு அமெரிக்காவுல ஒரு அறையாவது தருவாங்களா?” என்று ஓர் அக்கா கேட்டார். எழுதிப் போட்டுப் பார்க்கச் சொன்னேன்.

சாதிக்காய் மரத்தில் இன்னொரு வேடிக்கை. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதை போட்டு முளைத்த கன்று எது என்று பூக்கும்வரை தெரியாது. அதற்கு ஆறேழு வருடம் போகும். அதுவரை தண்ணீர் ஊற்றி, பசளை போட்டு, மாடு கடிக்காமல் காவல் காத்து, கடைசியில் ஆண் மரம் என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? (பெண் மரத்தில் இருந்து ஒட்டிய கன்றை வாங்கி நட்டால் இந்தக் கவலை இல்லை. ஆனால் எல்லா ஆண் மரத்தையும் வெட்டிவிடக் கூடாது. மகரந்தத்துக்குச் சில நிற்கத்தான் வேண்டும்.) அப்படி ஏமாந்த ஓர் அக்கா அன்று ஆற்றாமையோடு சொன்னார்:

“ஏழு வருசம் தண்ணி ஊத்துனேன். பூத்ததும் பாத்தா ஆம்பள மரம். காய்க்கவே காய்க்காது.”

பக்கத்தில் இருந்தவர் அமைதியாகச் சொன்னார்: “நான் முப்பது வருசமா சோறு ஊட்டுறேன். இன்னும் காய்க்கலியே!”

மழைச் சத்தத்தை மேவிக்கொண்டு எழும்பியது சிரிப்பு. அப்போது நான் ஒன்றைக் கவனித்தேன். கதவோரம் இருந்த ஒரு தங்கச்சியும் சிரித்துவிட்டார். சிரித்த உடனேயே சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தார். களவெடுத்துப் பிடிபட்டவர் போல. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அட்டைக்கு ஒரு விடுகதை வந்தது. காட்டுப்பக்கம் ஏலம் பறிக்கப் போனவர்களுக்கும் கொழுந்து எடுக்கிறவர்களுக்கும் அட்டையைத் தெரியாமல் இருக்காது. “கூப்பிடாம வருவான், கால் இல்லாம ஏறுவான், வயிறு முட்டக் குடிச்சுட்டுக் கீழ விழுவான். ஆனா சாராயக் கடைப் பக்கமே போனதில்ல.” நாலைந்து பேர் நாலைந்து ஆண்களின் பெயரைச் சொன்னார்கள். அந்தப் பெயர்கள் இங்கே வேண்டாம். கடைசி வரியைக் கேட்டபின் எல்லாப் பெயரும் அடிபட்டுப் போயின!

அந்தக் குழுவில் சிங்களச் சகோதரிகளும் இருக்கிறார்கள். அவர்கள் பாஷையில் விடுகதைக்குத் தேரவிலி என்று பெயர். ஒருவர் பாதிச் சிங்களத்திலும் பாதித் தமிழிலும் மகதெனமுத்தாவின் கதையைச் சொன்னார். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மகதெனமுத்தா தன்னைப் பெரிய அறிவாளி என்று எண்ணிக்கொண்டிருக்கும் கிழவர். ஓர் ஆட்டின் தலை பானைக்குள் மாட்டிக்கொண்டது, அவரைக் கூப்பிட்டார்கள். யானையில் வந்தார். யானை உள்ளே வரச் சுவரை இடிக்கச் சொன்னார். பிறகு ஆட்டின் தலையை வெட்டச் சொன்னார். தலை பானைக்குள் விழுந்தது. அதை எடுக்கப் பானையை உடைக்கச் சொன்னார். சுவரும் இல்லை, ஆடும் இல்லை, பானையும் இல்லை. பிரச்சினை தீர்ந்தது என்று யானையில் ஏறிப் போய்விட்டார்.

நமக்கு இது புதிதா? பரமார்த்த குருவும் அவருடைய சீடர்களும் இந்த இனம்தான். அந்தக் கதைகளை எழுதியவர் இத்தாலியில் இருந்து வந்து தமிழ் படித்த வீரமாமுனிவர், 1747இல் காலமானார். அச்சில் வந்தது அவருக்கு வெகு காலம் பிந்தி, 1822இல், இலண்டனில். இதில் பெரிய வேடிக்கை, பரமார்த்த குருவுக்கும் சீடர் ஐந்து பேர், மகதெனமுத்தாவுக்கும் ஐந்து பேர். ஊசி போல மெலிந்த ஒருவன், வண்டி பெருத்த ஒருவன் என்று சிங்களக் கதையில் ஆளுக்கொரு பட்டப்பெயர். முட்டாள்தனத்துக்குப் பாஷை வேறுபாடு கிடையாது போலிருக்கிறது.

கதை முடிந்ததும் பாட்டி பெருமூச்சு விட்டார். “நம்ம நாட்டுக்கும் முப்பது வருசமா இவருதான் புத்தி சொல்லியிருக்காரு.” அவர் 1983 ஆடியில் மாத்தளை நகரம் எரிந்ததைத் தன் கண்ணால் பார்த்தவர். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கதை சொன்ன சிங்கள அக்காதான் முதலில் எழும்பி, விளக்கின் திரியைத் தூண்டிவிட்டு, தேத்தண்ணீர் ஊற்றப் போனார்.

விடுகதை என்பது பிள்ளைகளின் விளையாட்டு என்று சிலர் நினைக்கிறார்கள். தொல்காப்பியத்திலேயே இதற்கு இடம் உண்டு. அங்கே பெயர் பிசி. யாழ்ப்பாணத்தில் நொடி. தமிழ்நாட்டில் சில ஊர்களில் வெடி என்றும் அழிப்பாங்கதை என்றும் சொல்வார்கள். மகாபாரதத்தில் யட்சன் கேட்டதும் ஒருவகையில் இதுதான். பொய்கைக்கரையில் தம்பிமார் நால்வரும் இறந்து கிடக்க, தருமர் யட்சனின் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக விடை சொன்னார், நால்வரும் எழும்பினார்கள். விடை சொன்னால் போன உயிர் திரும்பும் என்றால், நம் வீடுகளில் எத்தனை பேர் விடிய விடியக் கண்விழித்து இருந்திருப்பார்கள்!

இப்போது கதவோரத் தங்கச்சியைப் பற்றி. அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார். 1977 கலவரத்துக்குப் பின் மலையகத் தோட்டங்களைவிட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய ஏராளமான குடும்பங்களில் அவருடைய குடும்பமும் ஒன்று. அங்கேதான் பிறந்தார், அங்கேதான் கலியாணமும் ஆனது. கணவர் 2009இல் காணாமல் போனவர். பிள்ளையோடு தாய்வழிச் சொந்தங்களைத் தேடி இரத்தோட்டைக்கு வந்துவிட்டார். கூட்டத்துக்கு ஒழுங்காக வருவார், காசைக் கட்டுவார், போவார். வாய் திறந்து யாரும் கண்டதில்லை என்று குழுத் தலைவி எனக்கு முன்னமே சொல்லியிருந்தார்.

தேத்தண்ணீர் குடித்தபின் பாட்டி அவரைப் பார்த்து, “ஏன் தாயி, ஒங்க ஊர்ல வெடுகதை இல்லியா?” என்று கேட்டார். “இருக்குது” என்றார் அவர். அதுவே எல்லோருக்கும் புதினம். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

“ராவையில கதவைத் தட்டுவான். ஓடிப்போய்த் திறந்தால் ஆள் இல்லை. திரும்பிப் படுத்தால் திரும்பத் தட்டுவான்.”

“காத்து!” என்று பேத்தி கத்திவிட்டாள். பிள்ளைதானே. விடை சொன்ன சந்தோசம் அவளுக்கு.

“காத்துத்தான்” என்றார் அவர். “இத்தனை வருசமும் காத்துத்தான்.”

எங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஆளை ஆள் பார்த்தோம். மேலே றிவஸ்டன் பக்கத்துக் காற்றைக் கண்டவர்களுக்குத் தெரியும், அது இரவில் தகரத்தையும் கதவையும் என்ன பாடு படுத்தும் என்று. பாட்டிதான் மெல்ல நகர்ந்து வந்து, அவருடைய கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: “எனக்கும்தான் தட்டுறான் தாயி. நானும் எந்திரிச்சுப் போயித் தொறக்குறேன். ஒரு நல்லது, காத்துக்குத் தேத்தண்ணி ஊத்தத் தேவையில்ல. சீனி விக்கிற வெலையில!”

அவர் சிரித்தார். இந்த முறை வாயைப் பொத்தவில்லை. கண்ணில் தண்ணீரும் வந்தது. இரண்டையும் அவர் மறைக்கவில்லை.

இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களில் ‘நான் சிரிக்கலாமா?’ என்று கேட்டு வருபவை கொஞ்சமல்ல. கணவரை இழந்தவள் வாய்விட்டுச் சிரித்தால் ஊர் ஒரு மாதிரிப் பார்க்கிறது, தேடிக்கொண்டிருப்பவள் சிரித்தால் ‘மறந்துவிட்டாள்’ என்கிறது என்று எழுதுகிறீர்கள். ஊர் சொல்வதைவிட உங்கள் மனமே உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதுதான் கொடுமை. சிரித்தால் மறந்ததாக அர்த்தமா? மறந்தவர் எவரும் அப்படி ஒரு விடுகதையைக் கட்டியிருக்க முடியாது. கூடச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

யாழ்ப்பாணத்துச் சகோதரிகளுக்குச் ‘சிரித்திரன்’ நினைவிருக்கும். சுந்தர் என்கிற சிவஞானசுந்தரம் 1960களில் கொழும்பில் தொடங்கிப் பிறகு யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோன சிரிப்புச் சஞ்சிகை. பம்பாயில் கேலிச்சித்திரம் படித்தவர் அவர். குண்டு விழுந்த காலத்திலும் சவாரித்தம்பரும் சின்னக்குட்டியும் அந்தப் பக்கங்களில் பகிடி விட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். சுந்தர் 1996இல் காலமானார். பதுங்குகுழிக்குள் கை மாறி கை மாறிப் பழைய சிரித்திரனை வாசித்ததாக எனக்குச் சொன்ன அக்காமார் இருக்கிறார்கள். சத்தம் கேட்டுவிடும் என்று சிரிப்பை அடக்கியதுதான் கஷ்டமாம்.

பழைய பகிடி ஒன்று. கேட்டவர்கள் திரும்பவும் சிரிக்கலாம். ஓய்வூதியம் எடுக்க ஓர் ஆச்சி போனார்.

“உயிரோடு இருக்கிறதுக்கான சான்றிதழ் எங்கே ஆச்சி?”

“தம்பி, நானே முன்னால நிக்கிறன். இதைவிட என்ன வேணும்?”

“இந்த வருசம் நிக்கிறீங்கள், சரி. போன வருசம் உயிரோட இருந்ததுக்குச் சான்றிதழ் எங்கே?”

ஆச்சி ஒரு நிமிடம் யோசித்தாராம். “போன வருசமும் இதே கதிரையில உன்னோடதான் சண்டை பிடிச்சனான். நீ உயிரோட இருந்தனியோ?”

இனி உங்கள் முறை. மூன்று விடுகதை தருகிறேன். விடை பக்கத்தின் அடியில் இருக்கிறது. கையால் மறைத்துக்கொண்டு வாசியுங்கள். தனியே இருந்து அவிழ்க்க வேண்டாம், பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிடுங்கள்.

ஆளுயரச் செடி, ஆனால் காய் தரையோரம். பச்சைப் பெட்டியைத் திறந்தால் கறுப்புப் பிள்ளைகள், வீடெல்லாம் வாசம்.

ஆணி போல இருப்பான், தச்சன் எடுக்க மாட்டான். பூக்க முன்னமே பறித்துவிட்டார்கள். பல் வலித்தால் தேடுவார்கள்.

கல்லில் ஏறினால் பேசுவான், வீட்டுக்குள் வந்தால் ஊமை. கடல் கடந்து போன மகளின் குரலை மடிக்குள் வைத்திருப்பான். (இது இரத்தோட்டைப் பேத்தியின் சொந்தத் தயாரிப்பு. அங்கே சில வீடுகளுக்கு மேட்டுக்கல்லில் ஏறினால்தான் சிக்னல்.)

விடைகள்: ஏலக்காய், கராம்பு, கைத்தொலைபேசி.

அடுத்த இதழுக்கான விடுகதை இது. விடையை அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். எழுத முடியாதவர்கள் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவிக்கலாம்; பிழையான விடைகளையும் ஆவலோடு எதிர்பார்க்கிறோம்.

வயிறு வலிக்க வைப்பேன், மருந்து தேட மாட்டீர்கள். கண்ணில் நீர் வரவைப்பேன், ஒருவரும் பயப்பட மாட்டார்கள். ஒருவரில் இருந்து மற்றவருக்குத் தொற்றுவேன், சுகாதாரப் பரிசோதகர் வரவே மாட்டார். நான் யார்?